கரை யாருது?

கடலு மேல, ஊரு கீழ. அப்படி ஒரு ஊரு டச்சுக்காரங்க தேசத்துல இருந்துச்சு, பேரு ஹோல்டர்டாம். என்ன முழிக்கிறே? நிசமாத்தான். கடல் தண்ணி கூரை உசரத்துக்கு நிக்கும், நடுவுல ஒரு மண்கரை, கரைக்கு இந்தப் பக்கம் ஊரு. மீன் மேல நீந்தும், மாடு கீழ மேயும்.

ஆதியில அங்க வெறும் சேறுதான். நாரை மட்டும் ஒத்தைக் கால்ல நிக்கும். அப்புறம் நாலு குடும்பம் வந்து சேத்துல மண்ணைக் கொட்டுச்சு, அப்புறம் கரையைக் கட்டுச்சு, அப்புறம் கரைக்குள்ள வீட்டைக் கட்டுச்சு. கரை ரொம்ப நீளம், அதனால வீட்டுக்கு ஒரு துண்டுன்னு பங்கு பிரிச்சாங்க. உன் துண்டை நீ பாத்துக்கணும், என் துண்டை நான் பாத்துக்கணும். ஆனா எந்தத் துண்டு உடைஞ்சாலும் முங்குறது எல்லாரும்தான்.

வருசத்துக்கு மூணு தடவை கரை மணியக்காரர் சுத்தி வருவார். பனி உருகினதும் ஒரு தடவை, புல்லு அறுக்கிறப்ப ஒரு தடவை, இலை கொட்டுறப்ப ஒரு தடவை. ஒவ்வொரு துண்டையும் கைத்தடியால தட்டி, "இந்தக் கரை யாருது?"ன்னு கேப்பார். "என்னுது"ன்னு வீட்டுக்காரங்க சொல்லணும்.

பாத்துக்க முடியலைன்னா? அதுக்கும் ஒரு சட்டம் இருந்துச்சு. அவங்க ஊரு மம்பட்டி நம்மளுது மாதிரி வளைஞ்சிருக்காது, நேரா இருக்கும், காலால மிதிச்சு மண்ணுல இறக்கணும். முடியாதவங்க அந்த மம்பட்டியைத் தன் கரையில நட்டுட்டு, கையில ஆனதைத் தூக்கிட்டு ஊரை விட்டே போயிடணும். யாரு வந்து அதைப் பிடுங்குறாங்களோ, போனவங்களோட சொத்து அத்தனையும் அவங்களுக்கு. புல்லும் அவங்களுக்கு, வீடும் அவங்களுக்கு, கரையும் அவங்களுக்கு.

அந்த ஊருல ஹில்லான்னு ஒருத்தி. என்ன வயசுன்னு கேக்காதே, தெரியாததை நான் சொல்ல மாட்டேன். அவளும் அவ அம்மாவும் சேத்துல கூடை கூடையா மண்ணைப் போட்டு ஒரு புல்வெளியை உண்டாக்கியிருந்தாங்க. அம்மா செத்துப்போயிட்டா. மிச்சம் ஹில்லா, ஒரு கறுப்பு மாடு, அந்த நிலம், அந்தக் கரைத்துண்டு. எலி வளை தோண்டக் கூடாதுன்னு சிப்பியை நொறுக்கி மண்ணுல கலந்து கரையில அப்புவா. அம்மா சொல்லிக் குடுத்தது. வேற யாரும் அப்படிச் செய்யலை.

அதே ஊருல வூட்டர்னு ஒரு செங்கல் சூளைக்காரன். ஊருல எல்லாருக்கும் மரவீடு, அவன் ஒருத்தனுக்குத்தான் செங்கல் வீடு. ஹில்லா நிலத்துக்கு வெளியே கடல் ஆழம், கப்பல் நிறுத்தத் தோதான இடம். அது மேல அவனுக்குக் கண்ணு.

பனி உருகினதும் வந்தான். "ஏம்மா ஹில்லா, அந்த நிலத்தை எனக்குக் குடுத்துடு." "மாட்டேன்"னுட்டா.

புல்லு அறுக்கிறப்ப வந்தான். "ரெண்டு மாடு தர்றேன், குடுத்துடு." "மாட்டேன், இந்த ஒரு மாடே என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது"ன்னா.

மூணாவது தடவை அவன் கேக்கவே இல்லை. என்ன பண்ணான் தெரியுமா? கடல் வத்துற நேரம் பாத்துப் படகைக் கொண்டுபோயி, அவ கரையோட அடிக்கால்ல, கடல் பக்கமா, களிமண்ணைத் தோண்டித் தோண்டித் தன் சூளைக்கு அள்ளிட்டுப் போயி, அதுல செங்கல் சுட்டு, தன் வீட்டு மேல மாடி எழுப்பினான். மேல பாத்தா கரை அப்படியே இருக்கும். உள்ளே பொக்கை.

ஹில்லா கரை கசிஞ்சுச்சு. அடைச்சா. பக்கத்துல கசிஞ்சுச்சு. அதையும் அடைச்சா. பாவம், அவளுக்கு ஒண்ணும் விளங்கலை, ராப்பகலா மண்ணு சுமந்தா. அக்கம்பக்கத்துல போயி, "ஒரு கை குடுங்களேன்"ன்னு கேட்டா. "அவங்கவங்க துண்டை அவங்கவங்க பாத்துக்கணும் தாயி"ன்னு சொல்லிட்டாங்க.

இலை கொட்டுச்சு. மணியக்காரர் வந்தார், தடியால தட்டினார். மண்ணு பொதபொதன்னு உள்ளே போச்சு.

"இந்தக் கரை யாருது?"

ஹில்லா வீட்டுக்குள்ள போனா. மம்பட்டியை எடுத்து வந்து, நட்டு, ஒரு மிதி மிதிச்சா. மாட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. ஊரே கையைக் கட்டிக்கிட்டு நின்னு பாத்துச்சு. "பாருங்கடா, மாடு அவளுக்கு முன்னாடி போகுது, அதுக்கே இந்தக் கரை பிடிக்கலை"ன்னு வூட்டர் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே போயி மம்பட்டியைப் பிடுங்கினான்.

மணியக்காரர் சொன்னார்: "புல்லும் உனக்கு, வீடும் உனக்கு, கரையும் உனக்கு."

"சரி சரி, கரையும்தான்"னான். அவன் காதுல புல்லு விழுந்துச்சு, வீடு விழுந்துச்சு. கரை விழலை.

கொஞ்ச நாள்தான். விடியக் கருக்கல்ல காத்து அடிச்சுச்சு பாரு, கடல் எந்திரிச்சு நின்னுச்சு. கோயில் மணி அடிச்சுது. எல்லாரும் ஓடிவந்து பாத்தா, ஹில்லாவோட பழைய துண்டு வாயைப் பிளந்து கிடக்குது. கீழ்த்தெருவுல முழங்கால் தண்ணி. கடல் வத்தத் தொடங்கிடுச்சு, ஆனா சாயங்காலம் திரும்ப வரும். அதுக்குள்ள அடைக்கலைன்னா ஊரே இல்லை.

மணியக்காரர் கேட்டார், "இந்தக் கரை யாருது?"

"அவ கட்டின கரைங்க, அவ சரியாக் கட்டலை!"ன்னான் வூட்டர்.

"இந்தக் கரை யாருது?"

"ஒரு மாசம்கூட ஆகலைங்களே..."

"இந்தக் கரை யாருது?"

வூட்டர் கிழிஞ்ச கரையைப் பாத்தான். அதோட ஆழம் அவனுக்குத்தான் தெரியும். அடைக்க முடியாதுன்னும் தெரியும். மம்பட்டியை நட்டான். இப்ப அவன் மாடிவீடு, சூளை, எல்லாம் பிடுங்குறவங்களுக்கு. ஆனா யாரு பிடுங்குவா? பிடுங்கினா உடைஞ்ச கரையும் சேர்ந்து வருமே. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க.

அப்பத்தான் கூட்டத்துக்குப் பின்னாடி மாட்டுச் சத்தம். ஹில்லா! பக்கத்து மேட்டுல தங்கியிருந்தவ மணிச்சத்தம் கேட்டு வந்துட்டா.

"நீ பிடுங்கு தாயி"ன்னாங்க.

"ஒருத்தியா நான் பிடுங்க மாட்டேன்"னா. "அன்னிக்கு நான் நட்டப்ப எல்லாரும் கையைக் கட்டி நின்னீங்கல்ல? இன்னிக்கு அத்தனை கையும் இதுல படணும்."

"ஒரு மம்பட்டிக்கு எத்தனை கைம்மா?"ன்னார் மணியக்காரர்.

"ஒரு கடலுக்கு எத்தனை கை வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அவரே முதல்ல தடியைக் கீழே போட்டுட்டுக் கையை வச்சார். அப்புறம் மீன்காரங்க, அப்புறம் தச்சருங்க. கை எட்டாதவங்க முன்னாடி நிக்கிறவங்க தோளைத் தொட்டாங்க. ஒரே இழுப்பு!

"மண்ணுக்கு எங்க போறது? எல்லாம் சேறா கிடக்கே"ன்னு ஒரு தச்சன் கேட்டான்.

"அதோ, இப்ப நம்ம வீடுதானே"ன்னு ஹில்லா வூட்டரோட மாடிவீட்டைக் காட்டினா.

இடிச்சாங்க. ஒரு செங்கல் ரெண்டா உடைஞ்சுச்சு, உள்ளே வெள்ளை வெள்ளையாச் சிப்பித் துண்டு. இன்னொண்ணு உடைஞ்சுச்சு, சிப்பி. மூணாவது, சிப்பி. பக்கத்து வீட்டுக்காரி கையில வச்சுப் பாத்துட்டு, "ஹில்லா, இது உன் கரை மண்ணுடி!"ன்னா.

எல்லாரும் வூட்டரைப் பாத்தாங்க. அவன் மரச்செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னான். அடிச்சாங்களான்னு கேக்கிறியா? இல்லை. ஹில்லா ஒரு கூடையை எடுத்து அவன் முன்னாடி வச்சா. "ஊரை விட்டுப் போக வேணாம், எங்க இருந்து எடுத்தியோ அங்கயே கொண்டு போ." தன் வீட்டு வாசப்படியைத் தானே சுமந்தான். கடல் திரும்பி வந்தப்ப கரை நின்னுச்சு.

அன்னியிலேருந்து துண்டு பிரிக்கிறதில்லை. கரை மொத்தமும் எல்லாருக்கும்.

அப்புறம் அங்க துறை வந்துச்சு. கப்பல் எங்கெங்கேயோ போச்சு, நம்ம நாகப்பட்டினம் வரைக்கும் வந்து துணி வாங்குச்சு. கேட்டும் வாங்குச்சு, கேக்காமலும் வாங்குச்சு, அது வேற கதை. தெருவெல்லாம் மிளகு வாசனையா இருந்த காலம் உண்டு. அப்புறம் துறையில மணல் ஏறுச்சு, கப்பல் வேற ஊரு பாத்துப் போச்சு, கல்லு பாவின தெருவுல புல்லு முளைச்சுச்சு. அப்புறம் ரயில் வந்துச்சு, பிள்ளைங்க ரயிலேறிப் போனாங்க. அப்புறம் தூரத்துல கடலுக்குக் குறுக்கே பெரிய சுவரு எழுப்பினாங்க, ஊருக்கு வெளியே இருந்த கடல் ஏரியாயிடுச்சு, உப்பு போச்சு, மீனும் போச்சு. இப்ப அந்தக் கரைக்கு வேலையே இல்லை. ஆடு மேயுது.

ஆனா இலை கொட்டுற நாள்ல ரயிலேறிப் போனவங்ககூடத் திரும்பி வருவாங்க. பச்சைக் கரையில ஒரு இடம் மட்டும் செக்கச் செவேல்னு இருக்கும். மணியக்காரர் அங்க தடியால தட்டி, "இந்தக் கரை யாருது?"ன்னு கேப்பார். "எங்களுது!"ன்னு ஊரே சொல்லும். அந்தக் கூட்டத்துல வூட்டர் வம்சத்துப் பிள்ளைங்களும் நிக்கும். அதுங்க குரல்தான் எல்லாரையும்விட ஓங்கிக் கேக்கும்.

கரை அங்க நிக்குது, கதை இங்க நின்னுச்சு. போர்வையை ஒருத்தனே இழுக்காதே, தம்பிக்கும் விடு.