முத்திரை விழாத வீடு

முன்னொரு காலம். பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பேர் சொல்லாத ஒரு நாடு. அந்த நாட்டு ராஜாவுக்கு ஒரு கிறுக்கு. யார் வீடு விற்றாலும் கிரய ஓலையில் அவர்தான் முத்திரை வைப்பார், அதுவும் தன் பிறந்தநாளன்று மட்டும். மற்ற நாளில் காலில் விழுந்தாலும் நடக்காது.

அரண்மனை விகடன் குழைக்காதனின் வீடு ஆற்று வெள்ளத்தோடு போய்விட்டது. மனைவி கோதைக்கு ஏழாம் மாதம். இருவரும் சத்திரத்தில் ஒதுங்கியிருந்தார்கள். ராஜாவின் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. பிள்ளை பிறக்குமுன் ஒரு கூரை வேண்டுமே என்று அவன் தவித்தான்.

பிரதானி அம்பலவாணருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவர் சபையில் எழுந்தார்.

"மன்னா, என் பழைய வீட்டை இவருக்கு விற்கிறேன். இன்றே சாவி தருகிறேன், மராமத்தைத் தொடங்கட்டும். ஆனால் முத்திரை விழும்வரை வீடும் அதிலுள்ள சகலமும் என்னுடையவை. நடுவில் விட்டுப் போனால் செய்த வேலையும் எனக்கே."

"சம்மதமா, குழைக்காதரே?" என்றார் ராஜா.

"வீடும் அதிலுள்ள சகலமும் பிரதானியுடையவை. சபை கேட்டுக்கொள்ளட்டும்" என்றான் குழைக்காதன்.

முன்பே மூன்று பேர் இப்படிச் சாவி வாங்கியவர்கள்தான். ஒருவன் ஓடு மாற்றினான், இன்னொருவன் தளம் போட்டான், மூன்றாமவன் கிணறு தூர்வாரினான். மூவரும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார்கள். பிரதானியின் வீடு சும்மாவே புதுசாகிக்கொண்டு வந்தது. எதைக் கண்டு ஓடினார்கள் என்று அந்தப் புண்ணியவான் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் குழைக்காதன் அடுப்படிச் சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தான். காக்கை சத்தம்கூட இல்லை. பூசிய சாந்து கண்ணெதிரே காய்ந்து உதிர்ந்தது. சுவருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"வீட்டுக்காரர் யாரு?"

முன்னால் வந்த மூவரும் ஆசை அவசரத்தில் "நான்தான்" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள். இவனுக்கு ஓடத்தான் தோன்றியது. ஓடினால் கோதை சத்திரத்து மூலையில்தான் பிள்ளை பெற வேண்டும். நின்றான்.

"நான் இல்ல, தாயி. நான் வேல பாக்கறவன். இன்னும் முத்திர விழல. வீட்டுக்காரர் பிரதானி அம்பலவாணர். மேலத்தெருவுல மாடி வீடு."

காய்ந்த கால்கள் தரையில் தேய்ந்து நடக்கும் சத்தம் அவனைக் கடந்து, வாசல் தாண்டி, தெருவில் இறங்கியது. எட்டிப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை.

நாலு நாள் கழித்துப் பிரதானி உதடு வெடித்துச் சபைக்கு வந்தார். "மன்னா, இன்றே முத்திரை வையுங்கள். எடுத்த செம்பெல்லாம் வாய்க்கு வருமுன் வற்றிப்போகிறது. 'தண்ணி கொடு, தண்ணி கொடு' என்று காதருகே ஒரு குரல்."

"பிறந்தநாள் வரவில்லையே, பிரதானியாரே" என்றான் குழைக்காதன். சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"யார் குரல் அது?"

பிரதானி அழுதுகொண்டே சொன்னார். தண்ணீர் சுமக்கும் காத்தாயி ஒரு குடத்தை உடைத்துவிட்டாள். அவளை அடுப்படி உள்ளறையில் பூட்டிவிட்டு வெளியூர் போனவர் ஆறு நாள் மறந்தே போனார். திரும்பி வந்து, அவள் செத்துக் கிடந்ததைப் பார்த்து அறைவாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்.

சபையே அந்த வீட்டுக்குப் போயிற்று. ராஜா பிரதானியின் கையாலேயே சுவரை இடிக்கவைத்து, அங்கே கிடந்த எலும்புக்குத் தண்ணீர் ஊற்றவைத்தார். ஆறு குடத் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. ஏழாவது குடத்தில்தான் தரை நனைந்தது. பிரதானியைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, ராஜா தன் கிறுக்கை மூட்டைகட்டி வைத்து அங்கேயே முத்திரை வைத்தார்.

அப்போது அதே குரல் கேட்டது.

"வீட்டுக்காரர் யாரு?"

"இப்ப நான்தான், தாயி."

"அப்ப நான் கிளம்பட்டா?"

யார் கிளம்பினாலும் "போயிட்டு வா" என்பதுதான் வழக்கம். வெறும் "போ" என்பது ஆகாது. குழைக்காதனுக்கும் அதுதான் நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டான்.

"போம்மா" என்றான்.

அடுப்படிக்குள் காற்று வந்தது. ராஜாவுக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். புறப்படும்போது "வருகிறேன்" என்று சொல்ல வாயெடுத்தவர், அந்த அறையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமலே போனார்.