முள்ளிச் சங்கு எடுத்த இடம்

தூத்துக்குடியில் குணாளபாண்டியன் என்று ஓர் உப்பள முதலாளி இருந்தார். அபூர்வமான சங்குகளைத் தேடிச் சேர்க்கிற பைத்தியம் அவருக்கு. கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில், ரோஜா நிற வாயும் கிளைகிளையான முள்ளுமாக, ஆட்டுத்தலைப் பருமனில் ஒரு முள்ளிச் சங்கு இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம், "நானே கடல்ல முங்கி எடுத்தது" என்று அளப்பார்.

வீட்டு வேலைக்காரி மிக்கேலம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். அந்தச் சங்கை எடுத்து விற்றவன் அவள் புருஷன் சந்தியாகு. அதற்கு ஜோடி தேடி, இடத்தை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனவன் திரும்பவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை.

ஒருநாள் தூசி துடைக்கும்போது சங்கின் முள்ளொன்று முறிந்துவிட்டது. விருந்தாளிகள் முன்னாலேயே முதலாளி குதித்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு கொண்டா! இல்லன்னா இந்த வாசப்படி மிதிக்காத!"

"கொண்டாரேன் முதலாளி. நீங்க முங்கின இடத்த மட்டும் சொல்லுங்க. எம் புருசனும் அங்கதான் கெடக்காரு. உள்ள போனப்ப அவரப் பாத்தீங்களா?"

முதலாளி வாயைத் திறந்தார், மூடினார்.

"நான் கடல்ல காலக்கூட நனைச்சதில்ல தாயி. வெலைக்கு வாங்குனது" என்றார் கடைசியில்.

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். அவள் வேலையும் தப்பியது. மிக்கேலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முங்கி எடுத்ததாகச் சொன்னது பொய்யென்று அவளுக்கு முன்பே தெரியும். ஆனாலும் அவர் வாயைத் திறந்த அந்த நொடியில், ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லிவிடமாட்டாரா என்று ஏங்கித்தான் நின்றாள்.