ராஜா குழியில் இறங்கிய கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பாலைவன நாடு ஒன்றை வச்சிரபாகு என்கிற ராஜா ஆண்டான். தெருவில் மண் கண்ணில் பட்டாலே அவனுக்கு ஆகாது. அதனால் மந்திரி பிங்கலர் தலைநகர் முழுவதும், ஒரு புல்லுக்குக்கூட இடம் விடாமல், கருங்கல் பதித்து நல்ல பேர் வாங்கிவிட்டார்.

ராஜா ஒரு வருஷம் போருக்குப் போய்த் திரும்பினால், அடக் கொடுமையே, குயவர் தெருவில் கல்லைப் பெயர்த்து வரிசையாகக் குழி! குழிக்குக் குழி முருங்கை மரம்! செய்தவள் அதே தெருவில் குடியிருக்கும் கிணறு வெட்டுகிற சடைச்சி.

"ராஜ துரோகம்! தலையை வாங்க வேண்டும் பிரபு!" என்று குதித்தார் பிங்கலர்.

"வாங்கிக்குங்க ராசா. ஆனா குத்தம் நடந்த இடத்துல, உச்சி வேளையில, வெறுங்காலோட நின்னுதானே மரண தண்டனை சொல்லணும்? அதுதானே உங்க பரம்பரை வழக்கம்?" என்றாள் சடைச்சி.

வழக்கத்தை மீற முடியுமா? மறுநாள் உச்சியில் ராஜா பல்லக்கை விட்டு இறங்கிக் கல்லில் கால் வைத்தான்.

"சடைச்சி என்பவளை... ஐயோ! அம்மா!"

ஒரே தாவாகத் தாவிப் பக்கத்துக் குழிக்குள் இறங்கிவிட்டான். காலடியில் ஈர மண், தலைக்கு மேல் நிழல். பின்னாலேயே வெறுங்காலோடு குதிக்க வந்த பிங்கலரிடம், "இங்கே இடமில்லை, அங்கேயே நில்லும்" என்றான் ராஜா. "இந்த நெருப்பிலா என் ஜனங்கள் நடக்கிறார்கள்?"

"சூட்டையாவது தாங்கிட்டோம் ராசா. போன ஐப்பசியில ஒரு நாழிகை மழை. கல்லுல தண்ணி எங்க இறங்கும்? ஊர்த் தண்ணி மொத்தமும் பள்ளத்துல இருக்கிற எங்க தெருவுக்கு வந்துச்சு. பதினோரு பேர் போயிட்டாங்க. என் மகளும்தான். அப்புறந்தான் குழி வெட்டினேன்."

பதினோரு உயிர்!

ராஜா மந்திரி பக்கம் திரும்பினான். "பிங்கலரே, 'நல்ல மழை, தெருவெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது' என்றல்லவா போர்க்களத்துக்கு ஓலை அனுப்பினீர்?"

அதுவரை காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்த பிங்கலர் அசையாமல் நின்றுவிட்டார்.

பதவி போனது. தெருத் தெருவாகக் கல் பெயர்த்துக் குழி வெட்டும் வேலை வந்தது. சடைச்சிக்கு ராஜா பொன் கொடுத்தான், அவள் தொடவில்லை. "அடுத்த மழைக்கு எங்க வீட்டுல வந்து உக்காருங்க ராசா, போதும்."

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு கொட்டிற்று. ராஜா சடைச்சி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். தெருவில் பாய்ந்து வந்த தண்ணீர் குழிகளில் சுழித்துச் சுழித்து இறங்கிற்று. படியைத் தொடவே இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்த சடைச்சி வாய்விட்டு அழுதாள். ராஜா மழை விடும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.