தொட்டிக்குள் இறங்கிய நாடகம்

கல்லூரியில் எஸ்தரிடம் நாடகம் படித்தவர்களில் அதிகம் கேள்வி கேட்டவள் தமயந்தி. எஸ்தர் அதிகம் பதில் சொல்பவர் அல்ல.

இறுதியாண்டுத் தேர்வுக்கு ஆறு மாணவர்கள் சேர்ந்து ஒரு நாடகம் உருவாக்க வேண்டும். அரங்கத்தில் அல்ல. ஊருக்குள் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்திலேயே, அந்த இடத்தைப் பற்றியே நடிக்க வேண்டும். தமயந்தியின் குழு, ஆற்றங்கரையில் மூடிக் கிடந்த ஒரு தோல் தொழிற்சாலையைத் தேர்ந்தெடுத்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கே கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய பிச்சாண்டி என்பவர் விஷவாயு தாக்கி விழுந்தார். அவரைத் தூக்க இறங்கிய இரண்டு பேரும் விழுந்தார்கள். மூவரும் இறந்துபோனார்கள்.

இப்போது தொட்டி காய்ந்து கிடந்தது. மேல்மூடியைப் பெயர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனாலும் எஸ்தர் தான் முதலில் இறங்கி, அடியில் கொஞ்ச நேரம் நின்று, ஏறி வந்த பிறகுதான் மற்றவர்களை இறங்கவிட்டார்.

"கீழே என்ன மேடம் இருக்கு?" என்றாள் தமயந்தி.

"வெயில்."

மூன்று வாரம் மாணவர்கள் பக்கத்துக் காலனியில் வீடு வீடாகப் போனார்கள். எல்லோரும் பேசினார்கள். பிச்சாண்டியின் மனைவி சின்னபாப்பா மட்டும், "வேலைக்கு நேரமாச்சும்மா" என்று ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதனால் பிச்சாண்டியின் பேச்சை இவர்களே எழுதினார்கள். ஒன்பது நிமிட வசனம். குழுவில் ஒருவனான நெல்சன் தொட்டியின் அடியில் நின்று மூச்சுத் திணறிக்கொண்டே பேசுவான். பார்க்க வருபவர்கள் விளிம்பைச் சுற்றி நின்று குனிந்து பார்ப்பார்கள்.

ஒத்திகையின் நான்காம் நாள், மத்தியான வேளையில் சின்னபாப்பா வந்தாள். தன் புருஷன் பெயரைச் சொல்லி அங்கே யாரோ கத்துவதாக அவளிடம் சொல்லியிருந்தார்கள். விளிம்பில் நின்று கேட்டாள். நெல்சன் வசனத்தை முடித்துச் சுருண்டு விழுந்தான்.

தமயந்தி ஓடி வந்தாள். "அக்கா, எப்படி இருந்துச்சு?"

"இது யாரு?"

"பிச்சாண்டி அண்ணன்."

"அவரு இவ்ளோ பேச மாட்டாரு."

சின்னபாப்பா தொட்டியைக் கையால் காட்டினாள்.

"எறங்கினாரு. 'நாத்தம் தாங்கல'ன்னாரு. அவ்ளோதான். அவருக்குக் கொண்டாந்த சோத்துத் தூக்கை நான் இன்னும் கீழகூட வைக்கல."

தொட்டிக்குள் பார்த்தாள். நெல்சன் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, மேல வாப்பா."

அவன் தமயந்தியைப் பார்த்தான்.

"அவள இன்னா பாக்குற? மேல வான்றேன்ல!"

மண்டியிட்டுக் கையை நீட்டினாள். சுவரில் இரும்புப் படிகள் இருந்தன. அவனாகவே ஏறியிருக்கலாம். ஆனாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினான். ஏறிய பிறகும் அவள் அவன் மணிக்கட்டை விடவில்லை. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை தமயந்தி எஸ்தரிடம் வந்தாள்.

"மேடம், இதுதான் நாடகம். வசனமெல்லாம் வேண்டாம். ஒருத்தி வர்றா, கை நீட்டுறா, அவனை மேலே இழுக்குறா. அவங்களா நான் நடிக்கிறேன்."

"அவங்களைக் கேட்டியா?"

மறுநாள் காலை தமயந்தி காலனிக்குப் போனாள். சின்னபாப்பா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அன்று தொட்டியருகே அவள் செய்ததையே நாடகமாக நடிக்கலாமா என்று தமயந்தி கேட்டாள்.

"அதைச் செஞ்சா இன்னா ஆவும்?"

"நடந்தது எல்லாருக்கும் தெரிய வரும்க்கா."

"தெரிஞ்சா?"

தமயந்தி வாளியிலிருந்த புடவையை எடுத்து நீட்டினாள்.

சின்னபாப்பா அதை வாங்கி உதறிக் கொடியில் போட்டாள். "உன் இஷ்டம். செஞ்சிக்கோ."

"சரின்னுட்டாங்க மேடம்" என்று தமயந்தி வந்து சொன்னாள்.

"வேற ஏதாவது கேட்டாங்களா?"

"இல்லை."

எஸ்தர், "நடத்துங்க" என்றார்.

நாடகத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். தேர்வாளர்கள் மூவர், கல்லூரியிலிருந்து ஒரு கூட்டம், காலனியிலிருந்து சிலர். சின்னபாப்பாவும் வந்து ஓரமாக நின்றாள். தமயந்தி மண்டியிட்டுக் கையை நீட்டியபோது பலர் விம்மினார்கள். நெல்சன் மேலே ஏறி அவள் கையைப் பிடித்தபடி மூச்சு வாங்கி நின்றபோது ஒரு தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. இவ்வளவு உண்மையான நாடகத்தை மாணவர்கள் செய்து பார்த்ததில்லை என்று அந்தத் தேர்வாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. ஆளில்லாத முற்றத்தில் எஸ்தர், வயதானவர்கள் உட்கார விரித்திருந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தமயந்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், எல்லாரும் அழுதாங்க. சின்னபாப்பா அக்கா மட்டும் அழலை. போகும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கலை."

"கைதட்டும்போது அவங்க எங்கே பார்த்துக்கிட்டிருந்தாங்க?"

தமயந்தி யோசித்தாள். "தொட்டிக்குள்ளே. நெல்சன் வெளியே வந்த பிறகும் அங்கேயேதான் பார்த்துக்கிட்டு நின்னாங்க. உள்ளே யாருமே இல்லை மேடம்."

எஸ்தர் பாயைக் கீழே வைத்தார்.

"அவங்க முதல்லயே உன்கிட்ட ஒண்ணு கேட்டிருப்பாங்க. என்கிட்ட நீ அதைச் சொல்லலை."

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். "'தெரிஞ்சா?'ன்னு கேட்டாங்க. எங்கே தப்பு மேடம்?" என்றாள்.

"உன் நாடகத்துல அவன் மேலே வந்துட்டான்."