கரடியார் இறக்கிய டிக்காஷன்

காப்பிச் செடிகள் மண்டிக் கிடந்த ஒரு காட்டில் கரடியார் ஒருவர் இருந்தார். தனக்கும் மகள் கருப்பாயிக்குமாக இரண்டு தம்ளர் காப்பி போடுவதில் அவருக்கு இணை இல்லை. அடுத்த வீட்டு முள்ளம்பன்றியாரோடு மட்டும் அவருக்குப் பேச்சு கிடையாது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், காப்பி கொஞ்சம் தண்ணியாக இருக்கிறது என்று முள்ளம்பன்றியார் சொல்லிவிட்டார். கரடியார் அதை மறக்கவே இல்லை.

கருப்பாயியைப் பெண் பார்க்க மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமே வந்து இறங்கியது. பையனின் தாய் கறாரானவள். ராகுகாலம் தொடங்குவதற்குள் காப்பி குடித்துச் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கக் கிளம்ப வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டாள். கருப்பாயிக்கோ பையனைப் பிடித்துப் போயிற்று.

கரடியார் யானையிடம் பெரிய ஃபில்டரை இரவல் வாங்கினார். ஆள் கூடினால் அழுத்தமும் கூட வேண்டும் என்பது அவர் கணக்கு. தன் இயந்திரத்தில் மாவாக அரைத்த பொடியைக் குவித்து, இரண்டு கையாலும் அமுக்கினார். கொதிநீரை மொத்தமாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. தட்டினார், ஊதினார். மூக்கு வெந்ததுதான் மிச்சம்.

வேலிக்கு அந்தப் பக்கம் முள்ளம்பன்றியார் தன் உரலைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"உரலே, கூட்டத்துக்குக் காப்பி என்றால் பொடியைக் கொரகொரப்பாக அல்லவா இடிக்க வேண்டும்?"

கரடியார் அடுப்பைப் பார்த்தார். "அடுப்பே, கேட்காதவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லக் கிளம்பிவிட்டார்கள், பார்."

"உரலே, அமுக்காமல் லேசாகப் பரப்பி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஊற்றினால் இறங்காமல் எங்கே போகும்?"

கரடியார் மறுபடியும் அடுப்பிடம் வாயெடுத்தார். உள்ளே பையனின் தாய் செருமுவது கேட்டது. வாசல்படியில் கருப்பாயி கண் கலங்கி நின்றாள்.

அவர் வேலிப் பக்கம் திரும்பினார். "என் இயந்திரம் மாவாகத்தான் அரைக்கும், தம்பி. உரலைக் கொண்டு வருகிறாயா?"

தம்பி என்று கேட்டதுதான் தாமதம், முள்ளம்பன்றியார் உரலை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் இடித்தார், கரடியார் பரப்பினார், கருப்பாயி சுற்றி ஊற்றினாள். டிக்காஷன் கருகருவென்று இறங்கியது.

பையனின் தாய் ஒரு வாய் குடித்தாள். சம்மதம் என்றாள். இன்னொரு தம்ளரும் கேட்டாள்.

கரடியார் முள்ளம்பன்றியாரைத் தன் பக்கத்திலேயே நெருக்கி உட்கார வைத்து, காப்பியை ஆற்றிக் கொடுத்தார். விலாவில் முள் குத்தியது. அவர் நகரவில்லை.

நீதி: மனத்தாங்கலைப் போட்டு அமுக்கி வைத்தால் நல்லது எதுவும் இறங்காது.