வடிவைக் கூப்பிடும் குரல்

“கட்டளைக்கு மேல் கட்டளை கொடுத்துவிட்டேன். திறந்த வேகத்தில் மென்பொருள் விழுந்து செத்துப்போகிறது” என்று செல்லப்பாண்டி சிலேட்டில் எழுதினார்.

எழுதத்தான் முடியும். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக ஊரையே கூவி அனுப்பிய மனிதர்.

அறுவைக்கு முன்பே அந்தக் குரலை ஒரு மென்பொருளில் பதிந்து வைத்திருந்தார். தட்டச்சு செய்தால் அவர் குரலிலேயே பேசும். ஐப்பசி இடியில் பழைய விண்டோஸ் கணினி கருகிப்போனது. பென் டிரைவில் இருந்த மென்பொருள் மட்டும் தப்பியது. இப்போது கையில் இருப்பது லினக்ஸ் கணினி; விண்டோஸுக்கு எழுதிய மென்பொருள் அதில் தானாக ஓடாது.

மனைவி வடிவுக்குக் கண் தெரியாது. சிலேட்டை வைத்துக்கொண்டு அவளிடம் என்ன பேசுவது?

ஆகவே கணினி வித்தை தெரிந்த, தன்னைவிட இருபது வயது இளையவளான மெஹர்பானுவைக் குருவாக வரித்து வந்து உட்கார்ந்திருந்தார்.

“நடுவுல ஒரு துபாஷி போட்டுத் தந்தேனே அண்ணாச்சி. விண்டோஸ் பாஷையில அது கேக்கதை லினக்ஸுக்குச் சொல்லும். விழுறதுக்கு முன்னால கடைசியா அது என்ன கேட்டுச்சு?”

செல்லப்பாண்டி விழித்தார். பேசத்தானே அந்த மென்பொருள், ஒலிபெருக்கிக்கு ஏது காது?

அவள் கருந்திரையைத் திறந்து காட்டினாள். வரி வரியாகக் கேள்விகள் ஓடின. ‘சி’ டிரைவ் எங்கே? இருக்கிறது. எழுத்துரு எங்கே? இருக்கிறது. பிரிண்டர் எங்கே?

பதில் இல்லை. அத்தோடு முடிந்தது.

“பேசுகிற மென்பொருளுக்குப் பிரிண்டர் எதற்கு?” என்று கோபமாக எழுதினார்.

“வீட்டுக்கு வந்தவரு வெந்நி கேட்டா, எதுக்குன்னா கேப்பிய?”

அவர் வெட்கப்பட்டார். இல்லாத பிரிண்டர் ஒன்றுக்குப் பெயர் வைத்து, அதையே பதிலாகக் கொடுத்தார்.

மென்பொருளின் சாம்பல் நிறச் சன்னல் திறந்தது. விழாமல் அப்படியே நின்றது. செல்லப்பாண்டி திரைக்கு அருகே குனிந்தார். பிறந்த இடம் சாம்பலாகிவிட்டது, இது எதுவும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறதே!

“வேறு வீட்டில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியுமா?”

“தெரியாது. கேட்டதுக்குப் பதில் வருது. அது போதும் அதுக்கு.”

பிறகு, பயந்து பயந்து எழுதினார்.

“அப்படியானால் இதிலிருந்து வருவது நான்தானா?”

மெஹர்பானு சிலேட்டைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போனில் அவர் வீட்டு எண்ணை அழுத்தி, கணினி அருகே நீட்டினாள்.

“யாரு?” என்றாள் வடிவு.

செல்லப்பாண்டி அவள் பெயரைத் தட்டினார்.

“வடிவு” என்றது அவர் குரல்.

இன்று காலையில்கூட அவள் போட்ட காப்பியை, அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் குடித்துவிட்டு வந்திருந்தார்.

“இம்புட்டு நாளா எங்க போயிருந்திய?” என்று கேட்டு அவள் அழுதாள்.