பாறை இடுக்கில் ஒரு கை

தீர்ப்புச் சொல்வது எளிது என்று நினைப்பவர்கள் இதைக் கேளுங்கள்.

ஆனைமலைக் காட்டில், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன ஆமையினம் ஒன்று ஓர் ஓடையில் வாழ்ந்தது. அருகி அருகி, கடைசியில் ஆண் ஆமைகள் மட்டுமே அகப்பட்டன. அவற்றைத் தொட்டியில் வைத்துக் காப்பாற்றி வந்தார்கள். பெண் ஆமை ஒன்றாவது கிடைத்தால்தான் இனம் தழைக்கும். அதைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தவர் ஜெசிந்தா என்ற ஆராய்ச்சியாளர். அவருக்குத் துணையாக வந்தவர் மயிலன், காட்டுக் காவலர்.

ஒருநாள் ஓடையோரப் பாறை இடுக்கில் குட்டை வாலோடு ஓர் ஆமை தெரிந்தது. இந்த இனத்தில் வால் குட்டையாக இருந்தால் பெண்தான்! ஜெசிந்தா மயிலன் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, என்ன ஆனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. வாக்குக் கொடுங்க.”

“சரிங்க மேடம்” என்று மயிலன் சிரித்தார்.

ஜெசிந்தா இடுக்குக்குள் கையை விட்டதும் மேலிருந்த கல் சரிந்து மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது. இழுக்க இழுக்க வலிதான் ஏறியது. விரல்களுக்கு அப்பால் ஆமை நகர்வது தெரிந்தது. அது வெளியேறவும் வேறு வழியில்லை.

மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. ஓடை கலங்கி ஏறத் தொடங்கியது. ரோட்டுக்குப் போய் ஆள் கூட்டிவர அரைநாள் ஆகும். மயிலனிடம் கடப்பாரையும் வெட்டுக்கத்தியும் இருந்தன. கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடப்பாரை நுழைய ஒரே இடம்தான் இருந்தது. அங்கே நெம்பினால் கை விடுபடும். கல்லின் மறுமுனை ஆமைமேல் இறங்கும்.

தண்ணீர் ஜெசிந்தாவின் நெஞ்சைத் தொட்டது.

“ஆமை தண்ணிக்குள்ள மூச்சடக்கிக்கும், வெள்ளம் வடிஞ்சதும் ஆள் வச்சு எடுத்துக்கலாம். கல்லைத் தொடாதீங்க. என் கையை வெட்டுங்க.”

“ரத்தம் நிக்காது மேடம். ரோட்டுக்குப் போறதுக்குள்ள...”

“என் கை. நான்தானே சொல்றேன்?”

“வெட்டப்போறவன் நானாச்சே.”

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மயிலன் தன் துண்டால் அவர் முழங்கைக்கு மேல் இறுகக் கட்டினார். கத்தியை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. கத்தியைக் கரையில் வீசிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

கை வெளியே வந்தது. கல்லுக்கு அடியில் ஏதோ நொறுங்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

ஜெசிந்தா கையைத் தாங்கிப் பிடித்தபடி கீழே இறங்கினார். ரோட்டை அடைந்ததும், “வாக்குக் கொடுத்தீங்களே அண்ணே” என்றார்.  பிறகு எத்தனையோ பேர் தேடியும் அந்த ஓடையில் இன்னொரு பெண் ஆமை கிடைக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள்: கையையே தர முன்வந்த ஜெசிந்தா செய்தது சரியா, வாக்கை மீறிய மயிலன் செய்தது சரியா?

விடை: மயிலன் செய்ததுதான் சரி. தன் கையைக் கொடுக்க ஜெசிந்தாவுக்கு உரிமை உண்டு. அதை வெட்டும்படி இன்னொருவரைக் கட்டாயப்படுத்த உரிமை இல்லை. அவர் ரத்தம் கொட்டிச் செத்திருந்தால், அந்தச் சாவோடு காலம் தள்ள வேண்டியவர் மயிலன். ஆனால் சரியானதைச் செய்தவருக்கு மனம் ஆறியதா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மயிலன் வேறு மலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.